தண்டவாளத்தைத் தின்னும் வண்டிகள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேப் காட் தீபகற்பம் கடலுக்குள் நீளத் தொடங்கும் மூலையில் இருக்கிறது உட்ஸ் ஹோல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்த ஊர் உரத்துக்குப் பேர்போனது. பசிபிக் தீவுகளிலிருந்து கப்பலில் வந்திறங்கும் பறவை எச்சத்தோடு மீன்கழிவைக் கலந்து உரமாக்கி விற்ற தொழிற்சாலை ஒன்று அங்கே இயங்கியது. 1889இல் அது மூடப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பு, 1888இல், அதே ஊரில் கடல் உயிரியல் ஆய்வகம் தொடங்கியிருந்தது. கோடை பிறந்ததும் பல ஊர்ப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆய்வாளர்கள் பெட்டி படுக்கையோடு வந்து சேர்வார்கள். காலையில் படகுகள் கொண்டுவரும் கணவாயையும் கடல் புழுவையும் வாங்கி நள்ளிரவுவரை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். குளிர் தொடங்குவதற்குள் கலைந்துவிடுவார்கள்.

உயிரணுவுக்குள் சரக்கு சுமக்கும் மோட்டார் புரதங்களின் கதையில் பாதி, இப்படிப்பட்ட கோடைகளில் இந்த ஊரில் நடந்தது. மீதிப் பாதியில், அந்த மோட்டார்கள் தாம் ஓடும் பாதையையே உடைக்கின்றன என்ற செய்தி மெல்ல மெல்ல வெளிவந்தது. முதல் பாதி பாடப்புத்தகங்களுக்குள் நுழைந்துவிட்டது. இரண்டாவது பாதிக்கு அந்த இடம் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. உண்மையில் இரண்டும் ஒரே கதைதான்.

கதை மோட்டாரில் தொடங்கவில்லை, பாதையில் தொடங்குகிறது. உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர்கோல் இழைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறிஞர்கள் வரைந்து வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் பார்த்தவை சாயமேற்றிய, செத்த செல்கள். உயிருள்ள செல்லில் அந்த இழைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகவே, அவை சாயத்தால் உண்டான மாயத்தோற்றம் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். வாதத்தை முடித்துவைத்தவர் ஷின்யா இனோவே. போருக்குப் பிந்தைய ஜப்பானில், கைவிடப்பட்ட எந்திரத் துப்பாக்கியின் அடிப்பாகத்தைத் தாங்கியாக்கி முனைவுற்ற ஒளியில் பார்க்கும் நுண்ணோக்கி ஒன்றைக் கட்டியவர் அவர். 1948இல் பிரின்ஸ்டனுக்குப் படிக்க வந்த பிறகு அதே கருவியை மேலும் மேம்படுத்தினார். 1950களின் தொடக்கத்தில் கடல் புழுவின் முட்டையில், சாயம் எதுவும் இல்லாமல், உயிரோடு இருக்கும் கதிர்கோல் இழைகளைக் காட்டினார்.

காட்டியதோடு அவர் நிற்கவில்லை. முட்டையைக் குளிரவைத்தால் இழைகள் மறைந்தன. வெப்பம் திரும்பினால் சில நிமிடங்களில் மறுபடி உருவாயின. கால்ச்சிசின் என்ற மருந்தைச் சேர்த்தாலும் கரைந்துபோயின. கட்டிமுடித்த எலும்புக்கூடுபோல் அசையாமல் நிற்பவை அல்ல, எந்த நேரமும் சேர்ந்தும் பிரிந்தும் கொண்டிருப்பவை என்று இனோவே முடிவுக்கு வந்தார். இழைகள் பிரிந்து சுருங்குவதே குரோமோசோமை இழுக்கும் விசையாக இருக்கலாம் என்றும் 1960களில் சொன்னார். பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் அந்தக் கருத்தில் வித்து இருந்தது.

கால்ச்சிசின் தமிழ்நாட்டுக்கு அந்நியமான பொருள் அல்ல. செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் நஞ்சு அதுதான். மாநில மலராக எல்லோரும் அறிந்த இந்தக் கொடியை மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து உழவர்கள் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். அதன் விதை மருந்து நிறுவனங்களுக்கு ஏற்றுமதியாகிறது. ஐரோப்பாவில் இதே நஞ்சைக் கொண்ட வேறொரு செடியை, கௌட் என்ற மூட்டுநோய்க்கு நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். மருந்து எதைப் பிடித்து வேலை செய்கிறது என்பது மட்டும் தெரியாமல் இருந்தது.

அதைக் கண்டுபிடித்த வேலை சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்தது. எட்வின் டெய்லரும் அவரிடம் படித்த கேரி போரிசியும் கால்ச்சிசினில் கதிரியக்க அடையாளம் ஏற்றி, அது எந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்று பல திசுக்களில் தேடினார்கள். பிரியும் செல்களில் கிடைக்கும் என்று எதிர்பார்த்த புரதம் மூளையில் குவிந்து கிடந்தது. மூளையின் நரம்புச் செல்கள் பிரிவதே இல்லை! 1967இல் வெளியான அந்த முடிவு, செல் பிரிவுக்கு மட்டுமே உரியது என்று எண்ணிய பொருளை நரம்பின் பக்கம் திருப்பிவிட்டது. அடுத்த ஆண்டு ஜப்பானின் ஹிடேயோ மோரி அந்தப் புரதத்துக்கு டியூபுலின் என்று பெயரிட்டார்.

இதற்கிடையில் எலக்ட்ரான் நுண்ணோக்கியும் உதவிக்கு வந்தது. அதுவரை திசுக்களைக் குளிர்ந்த ஆஸ்மியத்தில் பதப்படுத்துவது வழக்கம். கதிர்கோல் இழைகளை ஆக்கும் டியூபுலின் குழல்கள், அதாவது நுண்குழல்கள், குளிரில் பிரிந்துபோனதால் படத்தில் சிக்கவில்லை. 1963இல் குளூட்டரால்டிஹைடு என்ற பதப்படுத்தும் பொருள் பழக்கத்துக்கு வந்ததும், அதே ஆண்டு லெட்பெட்டரும் கீத் போர்ட்டரும் தாவரச் செல்களில் வரிசை வரிசையாக நுண்குழல்களைக் கண்டார்கள். குறுக்களவு சுமார் 25 நானோமீட்டர். இரட்டை டியூபுலின் மூலக்கூறுகள் தலைக்கு வால் சேர்ந்து ஒரு சரமாகின்றன. பெரும்பாலும் 13 சரங்கள் பக்கவாட்டில் ஒட்டி ஒரு குழலாகின்றன. எல்லா இணைகளும் ஒரே திசை நோக்கி அடுக்கப்பட்டிருப்பதால் குழலுக்கு நேர்முனை, எதிர்முனை என்று இரண்டு வேறுபட்ட முனைகள் உண்டு.

நரம்புக்கு ஏன் இவ்வளவு டியூபுலின்? தண்டுவடத்தில் இருக்கும் ஒரு செல்லின் இழை, உயரமான மனிதரில் கால் நுனிவரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள்கிறது. புரதங்கள் பெரும்பாலும் செல் உடலில்தான் தயாராகின்றன. அவை தாமாகப் பரவி மறுமுனை சேர வேண்டுமானால் ஒரு மனித ஆயுள் போதாது. வினாடிக்கு ஒரு மைக்ரோமீட்டர் வேகத்தில் எடுத்துச் செல்ல யாராவது இருந்தால் பன்னிரண்டு நாளில் போய்விடலாம். நரம்புக்குள் சரக்கு நகர்கிறது என்பது 1948இல் பால் வைஸ், ஹெலன் ஹிஸ்கோ செய்த சோதனையிலேயே தெரிந்திருந்தது. நரம்பை இறுக்கிக் கட்டினார்கள். கட்டுக்கு மேலே பொருள் தேங்கி வீங்கியது. தள்ளுவது யார் என்பதுதான் தெரியவில்லை.

இங்கேதான் உட்ஸ் ஹோலின் ஊசிக் கணவாய் வருகிறது. ஆபத்து வந்தால் உடலைச் சுருக்கி நீரைப் பீய்ச்சிப் பின்னோக்கிப் பாயும் உயிர் அது. உடலைச் சுருக்கும் தசையை நொடியில் இயக்க அதற்கு வழக்கத்துக்கு மாறான தடித்த நரம்பிழை வாய்த்திருக்கிறது; சிலவற்றில் ஒரு மில்லிமீட்டர் வரை. ஆங்கிலேய விலங்கியலாளர் ஜே. இசட். யங் 1936இல் இதை எடுத்துச் சொன்ன பிறகு, ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதே இழையில்தான் நரம்பின் மின்துடிப்பை அளந்து நோபல் பரிசு பெற்றார்கள். சரக்குப் போக்குவரத்தை ஆராய வந்தவர்களுக்கு அதன் அருமை வேறு. இழையை வெட்டியெடுத்து ஒரு முனையிலிருந்து உருட்டி அழுத்தினால் உள்ளிருக்கும் கூழ் சவ்வை விட்டு வெளியே வந்துவிடும். வந்த பிறகும் அதற்குள் சரக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஓடுவதைப் பார்க்க ஒரு கண் வேண்டுமே. 1980ஐ ஒட்டி, உட்ஸ் ஹோலில் நுண்ணோக்கி வகுப்பு நடத்திவந்த ராபர்ட் டே ஆலன், நுண்ணோக்கியில் வீடியோ கேமராவைப் பொருத்திப் பின்னணி வெளிச்சத்தைக் கழித்துவிட்டால் கண்ணுக்கு எட்டாத இழைகளும் திரையில் தெரிவதைக் கண்டார். இனோவேயும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். 1982இல் ஆலன், ஸ்காட் பிரேடி, ரே லாசெக் ஆகியோர் வெளியிட்ட படங்களில் கணவாய் நரம்புக்குள் நூற்றுக்கணக்கான துகள்கள் இருதிசையிலும் விரைந்துகொண்டிருந்தன. இவ்வளவு பரபரப்பை அதுவரை யாரும் கற்பனை செய்திருக்கவில்லை.

ரான் வேல் அப்போது ஸ்டான்ஃபோர்டில் மாணவர். மைக்கேல் ஷீட்ஸ் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து விடுப்பில் அங்கே வந்து, தசைப் புரதமான மயோசினை மணிகளில் பூசி ஓடவிடும் சோதனையில் இருந்தார். நரம்பில் ஓடும் துகள்களையும் மயோசின்தான் இழுக்கிறதா என்று பார்க்க இருவரும் விரும்பினார்கள். ஆனால் கலிஃபோர்னியக் கடற்கரையில் 1983இல் எல் நினோ. கடல்நீர் சூடானதில் கணவாய் காணாமல் போயிற்று. வேறு வழியின்றி நாட்டின் மறுகரையில் இருந்த உட்ஸ் ஹோலுக்குக் கிளம்பினார்கள். அங்கே தாமஸ் ரீஸும் புரூஸ் ஷ்னாப்பும் வீடியோ நுண்ணோக்கியோடு இருந்தார்கள். கடல் சூடாகாமல் இருந்திருந்தால் இந்த நால்வரும் ஒரே மேசையில் கூடியிருப்பார்களா என்று எண்ணத் தோன்றுகிறது.

விரைவிலேயே ஒன்று தெளிவாயிற்று. துகள்கள் ஓடும் பாதை மயோசினுக்குரிய ஆக்டின் இழை அல்ல, ஒற்றை நுண்குழல். அடுத்து, துகள்களைப் பிரித்தெடுத்து, கூழின் கரைந்த பகுதியோடு சேர்த்து ஓடவிட முயன்றார்கள். ஒப்பீட்டுக்காகத் துகளே இல்லாத கரைசலையும் கண்ணாடியில் விட்டுப் பார்த்தார்கள். அதில் எதுவும் நடக்காது என்பதே எதிர்பார்ப்பு. நுண்குழல்கள் கண்ணாடிமேல் தாமே ஊர்ந்து சென்றன. கரைசலில் இருந்த ஏதோ ஒன்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, மேலே கிடந்த குழல்களை நகர்த்துகிறது!

அந்த ஏதோ ஒன்றைப் பிடிக்கும் உபாயம் லாசெக்கும் பிரேடியும் செய்த வேலையிலிருந்து கிடைத்தது. செல்லின் எரிபொருளான ஏடிபி போலவே தோற்றமளித்து ஆனால் எளிதில் உடையாத ஒரு பொருளைக் கொடுத்தால் மோட்டார் நுண்குழலைப் பற்றியபடி உறைந்துவிடும். குழலோடு சேர்த்து அடியில் படியவைத்து, பிறகு ஏடிபி கொடுத்து விடுவிக்கலாம். இப்படிக் கணவாயிலிருந்தும் மாட்டு மூளையிலிருந்தும் பிரித்த புரதத்துக்குக் கைனசின் என்று பெயரிட்டு, 1985 ஆகஸ்டில் செல் இதழில் வேல், ரீஸ், ஷீட்ஸ் வெளியிட்டார்கள். அது நேர்முனையை நோக்கி ஓடுவது. எதிர்த்திசையில் ஓடுவதற்கு டைனீன் இருப்பதை 1987இல் ரிச்சர்ட் வாலியின் குழு காட்டியது. டைனீனின் உறவினரை 1960களிலேயே நீந்தும் ஒற்றைச் செல் உயிரியின் பிசிர்களில் இயன் கிப்பன்ஸ் கண்டிருந்தார். 1993இல் ஸ்டீவன் பிளாக்கின் குழு லேசர் ஒளியால் மணியைப் பிடித்து அளந்தபோது, கைனசின் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் 8 நானோமீட்டர். ஒரு டியூபுலின் இணையின் நீளமும் அதுவே.

நுண்குழல் தண்டவாளம், மோட்டார் வண்டி என்ற படம் இப்படித்தான் நிலைபெற்றது. அழகான படம், ஆனால் அது உருவான விதத்திலேயே ஒரு கோணல் இருந்தது. ஆய்வகத்தில் நுண்குழல் சில நிமிடங்களில் கரைந்துவிடும் என்பதால், 1979இல் சூசன் ஹார்விட்ஸின் குழு செயல்பாட்டை விளக்கிய டாக்சால் என்ற மருந்தைச் சேர்த்து அதை இறுக்கிவிடுவார்கள். பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து கிடைத்த, பின்னாளில் புற்றுநோய் மருந்தான பொருள் அது. பாதையைக் கெட்டிப்படுத்திவிட்டு வண்டியை மட்டும் பல ஆண்டுகள் கவனித்தார்கள். பாதைக்கு என்ன ஆகிறது என்ற கேள்வி எழவே இடமில்லாமல் போயிற்று.

கேள்வி வேறு வாசல் வழியாக வந்தது. 1984இல், கைனசினுக்கு ஓராண்டு முன்பு, டிம் மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் ஒரு வினோதத்தை எழுதியிருந்தார்கள். ஒரே குவளையில் சில நுண்குழல்கள் வளர்ந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே சில திடீரெனச் சரிந்து குறுகுகின்றன. டியூபுலின் இணை, ஏடிபியின் உறவினரான ஜிடிபியை (GTP) சுமந்துகொண்டு குழலில் சேர்கிறது. சேர்ந்த பிறகு அந்த ஜிடிபி உடைகிறது. உடைந்ததும் இணை வளைய விரும்புகிறது, ஆனால் பக்கத்து வரிசைகள் அதை நிமிர்த்திப் பிடித்திருக்கின்றன. முனையில் புதிதாகச் சேர்ந்தவை காவலாக நிற்கும்வரை குழல் தாங்கும். காவல் போனால் சரங்கள் வெளிப்பக்கமாகச் சுருண்டு உதிர்ந்துவிடும். அதாவது நுண்குழல் எப்போதும் இடிந்துவிழும் நிலைக்கு அருகில்தான் நிற்கிறது. லேசாகத் தட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தால் போதும்.

அந்த ஆள் கைனசின் குடும்பத்திலேயே இருந்தார். ஈஸ்ட்டில் கார்3 என்ற மோட்டார் எதிர்முனையை நோக்கி நடந்துகொண்டே அந்த முனையைக் கரைக்கிறது என்று 1994இல் ஷரின் எண்டோவும் கூட்டாளிகளும் காட்டினார்கள். அடுத்த ஆண்டு லிண்டா வேர்ட்மனும் மிட்சிசனும் குரோமோசோமின் இடுப்பில் ஒட்டியிருக்கும் ஒரு கைனசினைக் கண்டெடுத்தார்கள். அதன் அமைப்பு வித்தியாசமானது. வழக்கமான கைனசினில் மோட்டார் பகுதி ஓரத்தில் இருக்கும். இதில் நடுவில் இருந்தது.

இதன் வேலை தவளை முட்டையில் வெளிப்பட்டது. ஆப்பிரிக்க நகத் தவளை, 1940களில் மருத்துவமனைகளில் கருவுற்றதைச் சோதிக்கப் பயன்பட்ட உயிரினம். பிறகு செல் உயிரியலாளர்களின் செல்லப் பிராணியாயிற்று. முட்டைகளை நசுக்கி எடுத்த சாற்றில் கதிர்கோல் தானாகவே உருவாகும். கிளேர் வால்ச்சாக், மிட்சிசன், அர்ஷத் தேசாய் மூவரும் அந்தச் சாற்றிலிருந்து இதே வகை கைனசினை நீக்கினார்கள். கதிர்கோலுக்குப் பதிலாக, கட்டுக்கடங்காமல் நீண்ட நுண்குழல்களின் பெரும் நட்சத்திரங்கள் உருவாயின. 1996இல் அது வெளியானது. 1999இல் தூய புரதத்தை வைத்து அவர்களே முடித்துக் காட்டினார்கள். இந்தக் கைனசின் நடப்பதே இல்லை. குழலின் இரு முனைகளிலும் போய்ப் பற்றி, சரங்களை வளைத்து உரிக்கிறது. நடைக்கு மற்றவை செலவிடும் ஏடிபியை இது உடைப்பதற்குச் செலவிடுகிறது.

முனைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஜோனதன் ஹோவர்டின் ஆய்வகத்தில் தெரிந்தது. குழலின் உடல்மேல் ஒரு வினாடிக்கும் குறைவாக, திசையின்றி முன்னும் பின்னும் வழுக்கித் திரிந்து முனையைக் கண்டுபிடிக்கிறது. அதே ஆண்டு அதே ஆய்வகம் ஈஸ்ட்டின் கிப்3 என்ற இன்னொரு மோட்டாரைப் பற்றியும் எழுதியது. இந்த முழுக் கதையிலும் மிக நேர்த்தியான இயங்குமுறை இதுதான். கிப்3 நன்றாக நடக்கும், உடைக்கவும் செய்யும். குழலின் எந்த இடத்தில் ஏறினாலும் நேர்முனைவரை நடந்து போகும். நீண்ட குழலில் ஏறுவதற்கு இடம் அதிகம். ஆகவே அதன் முனைக்கு அதிக மோட்டார்கள் வந்து சேர்கின்றன. ஆகவே நீண்ட குழல் வேகமாகக் குறைகிறது. முனையில் நிற்கும் மோட்டாரை அடுத்து வருவது முட்டும்போது, அது ஒன்றிரண்டு டியூபுலின் இணைகளோடு சேர்ந்து கழன்று விழுகிறது. அளவுகோல் எதுவும் இல்லாமலே செல் தன் குழல்களின் நீளத்தை அளந்து வெட்டிக்கொள்ள இதுவே போதுமானது.

முனையில் உரிப்பது ஒரு வகை. நட்டநடுவில் வெட்டுவது வேறு. 1991இல் தவளை முட்டைச் சாற்றில் நுண்குழல்கள் நடுவில் முறிவதைப் பார்த்த அதே ரான் வேல், 1993இல் பிரான்சிஸ் மெக்நாலியோடு சேர்ந்து கடல் அர்ச்சின் முட்டையிலிருந்து கட்டானின் என்ற வெட்டும் நொதியைப் பிரித்தார். இது நடக்கும் மோட்டார் அல்ல. ஏடிபியின் ஆற்றலில் டியூபுலினின் வாலைப் பிடித்திழுத்துப் பிடுங்கும் வகை. இதன் உறவினரான ஸ்பாஸ்டினில் கோளாறு ஏற்பட்டால் கால்கள் இறுகி நடை தடுமாறும் பரம்பரை நோய் வருகிறது. உடலிலேயே மிக நீண்ட நரம்பிழைகள்தான் அந்த நோயில் முதலில் பாதிக்கப்படுகின்றன.

இவையெல்லாம் உடைப்பதையே தொழிலாகக் கொண்ட புரதங்கள். சரக்கு சுமக்கும் சாதாரணக் கைனசின் பாதைக்கு ஒன்றும் செய்வதில்லை என்ற நம்பிக்கை அப்படியே இருந்தது. அதைக் குலைத்த வேலை பிரான்சின் கிரெனோபிளில், லோரான் பிளாஷோன், மனுவல் தெரி, கரின் ஜான் ஆகியோரின் கூட்டணியில் நடந்தது. 2015இல் அவர்கள் நுண்குழல்களை நீரோட்டத்தால் திரும்பத் திரும்ப வளைத்தார்கள். குழல் தளர்ந்தது. ஓய்வு கொடுத்து, சுற்றிலும் தனி டியூபுலின் இருக்கும்படி செய்தால் இழந்த விறைப்பு மீண்டது. குழலின் நடுச்சுவரிலும் பழைய கல் பெயர்ந்து புதிய கல் அமர முடியும் என்று அதிலிருந்து தெரிந்தது. 2021இல் சாரா டிரிக்லினை முதல் ஆசிரியராகக் கொண்டு அவர்கள் எழுதிய கட்டுரை அடுத்த அடியை எடுத்துவைத்தது. நடக்கும் மோட்டார்கள் தம் கால்களால் சுவரிலிருந்து டியூபுலின் இணைகளைப் பெயர்த்தெடுக்கின்றன. சுற்றிலும் தனி டியூபுலின் இல்லாவிட்டால் குழல் விரைவில் அழிந்துவிடுகிறது. இருந்தால், பெயர்ந்த இடத்தில் புதியது பொருந்திக் குழல் பிழைக்கிறது.

எல்லாச் சோதனைகளும் ஒரே பக்கம் சாயவில்லை. இங்கிலாந்தின் வாரிக்கில் ராபர்ட் கிராஸின் குழு 2018இல் இதற்கு நேரெதிராகத் தோன்றும் ஒன்றைக் காட்டியிருந்தது: கைனசின் இறுகப் பற்றிக்கொண்டிருக்கும்போது குழல் சற்று நீண்டு, கரைவது தாமதமாகிறது. இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்க முடியும். ஓடாமல் பற்றி நிற்கும் கால் தாங்கிப் பிடிக்கிறது. பற்றியும் விட்டும் ஓடும் கால் கல்லைப் பெயர்க்கிறது. எவ்வளவு மோட்டார், எவ்வளவு வேகம், பக்கத்தில் எவ்வளவு டியூபுலின் என்பவற்றைப் பொறுத்தே முடிவு அமைகிறது.

கண்ணாடித் தட்டில் நடந்தது உயிருள்ள செல்லிலும் நடக்குமா என்ற கேள்விக்கு 2022இல் பதில்கள் வந்தன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டன் வெர்ஹே, ரியோமா ஓஹி குழுவினர் சற்றே மாற்றப்பட்ட கைனசின் ஒன்றைச் செல்லுக்குள் ஓடவிட்டபோது நுண்குழல்கள் துண்டு துண்டாயின. ஜெனீவாவில் சார்லோட் ஓமேயரின் குழு இன்னும் நுணுக்கமான ஒன்றைச் சொன்னது. கைனசின் அதிகம் ஓடும் குழலில் சேதமும் அதிகம். ஆகவே பழுதுபார்த்த இடங்களும் அதிகம். பழுதுபார்த்த இடத்தில் இருப்பது புதிய டியூபுலின், ஜிடிபி இன்னும் உடையாதது. முனை சரிந்து குறுகிக்கொண்டே வரும்போது இப்படிப்பட்ட ஓர் இடத்தை எட்டினால் சரிவு அங்கே தடைப்பட்டு, குழல் மறுபடி வளரத் தொடங்கக்கூடும். அளவோடு மிதிபட்ட பாதை அதிக நாள் வாழ்கிறது. போக்குவரத்து எந்தத் திசையில் மிகுகிறதோ அந்தத் திசையில் செல்லின் நுண்குழல் வலையும் மெல்லச் சாய்கிறது.